நியோப்ரீன் என்று சொல்லி பிவிசியைத் தலையில் கட்டுகிறார்கள்: சேலம், ஏற்காடு பக்கம் தண்ணீரில் இறங்கித் தேடுகிறவர்கள் கவனிக்கவும்

சேலத்தில் பாதுகாப்பு உபகரணம் விற்கும் ஒரு கடையில் ‘5 மில்லி நியோப்ரீன் வேடர்ஸ்’ (5 மில்லிமீட்டர் தடிமனான நுரை ரப்பரில் செய்த, தண்ணீரில் இறங்கும் உடை) என்று ஒன்றை ஒன்பதாயிரம் ரூபாய்க்கு விற்கிறார்கள். அது நியோப்ரீன் இல்லை. துணிமேல் பிளாஸ்டிக் பூசிய சாதாரண பிவிசி. போதாக்குறைக்கு, அதோடு ஒட்டி வரும் பூட்ஸுக்குள் இரும்பு இருக்கிறது. மெட்டல் டிடெக்டர் வைத்துத் தண்ணீரில் தேடுகிறவர் அதைப் போட்டுக்கொண்டு இறங்கினால் காசும் போச்சு, வேலையும் போச்சு. விஷயம் நுகர்வோர் ஆணையத்துக்குப் போயிருப்பதால் கடையின் பெயரை எழுதவில்லை. என்ன விற்றார்கள், அதைக் கடையிலேயே எப்படிக் கண்டுபிடிப்பது என்பதை மட்டும் விவரமாக எழுதுகிறேன்.

தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். பூட்ஸ், பேண்ட், மார்பு வரை ஏறும் மேல்பாகம் எல்லாம் ஒன்றாக ஒட்டி, தோளில் வார் மாட்டிப் போடும் உடைதான் வேடர்ஸ். நம் பக்கம் மீன் பண்ணைகளில் பார்த்திருப்பீர்கள். நான் தண்ணீரில் தொலைந்த நகைகளைத் தேடித் தருகிறேன். ஓடையில் கை கழுவும்போது நழுவிய மோதிரம், எஸ்டேட் குட்டையில் விழுந்த கொலுசு, இந்த மாதிரி. ஊரே கொலுசு செய்கிற ஊர்தான், ஆனாலும் தொலைத்தவருக்கு அந்தக் கொலுசேதான் வேண்டும். புதையல் எடுக்கிறவன் என்று நினைத்து யாரும் போன் போட வேண்டாம். 1878ஆம் வருடத்துப் புதையல் சட்டம் இன்னும் அமலில் இருக்கிறது. மண்ணில் புதைந்து கிடந்த பொருள் பத்து ரூபாய் மதிப்பைத் தாண்டினாலே கலெக்டருக்கு எழுதித் தெரிவிக்க வேண்டும். அந்த வம்பே நமக்கு வேண்டாம்.

மார்கழி, தை மாதங்களில்தான் ஏற்காட்டிலிருந்து கூப்பிடுகிறார்கள். அரையாண்டு விடுமுறை, புது வருடம் என்று கூட்டம் வருகிறது, பிள்ளைகள் தண்ணீரில் ஆடுகிறார்கள், ஏதாவது தொலைகிறது. ஏற்காடு 1,500 மீட்டர் உயரம். அந்த மாதங்களில் இராத்திரி பத்துப் பன்னிரண்டு டிகிரி வாக்கில் இறங்கும். சில்வர் ஓக் நிழலில் கிடக்கும் குட்டையில் மதியம் வரை வெயிலே படாது. அமெரிக்கா, ஐரோப்பா பக்கம் பனிக்கட்டி மிதக்கும் தண்ணீரில் நிற்கிறார்களே, இது என்ன குளிர் என்று கேட்பவர்கள் உண்டு. காற்றைவிடத் தண்ணீர் சுமார் 25 மடங்கு வேகமாக உடம்புச் சூட்டை இழுக்கும். அசையாமல் நின்று மண்ணைக் கிளறும் வேலையில் முதலில் விரல் மரத்துப்போகும். மரத்த விரலுக்கு மோதிரமும் கூழாங்கல்லும் ஒன்றுதான்.

கடைக்காரரிடம் வாட்ஸ்அப்பில் நான் கேட்டது 3 மில்லி நியோப்ரீன், இரும்பு இல்லாத பூட்ஸ். இரண்டையும் எழுதியே கேட்டேன். நம் மலைக்கு 3 மில்லியே தாராளம். 5 மில்லி என்பது உறைபனி நாட்டுக்காரர்களுக்கு. அதைப் போட்டுக்கொண்டு காபித் தோட்டத்துச் சரிவில் ஏறினால், தண்ணீருக்குப் போய்ச் சேரும் முன்பே உள்ளே வேர்வையில் குளித்துவிடலாம். அவர் “3 மில்லி வர்றதில்லைங்க, 5 மில்லி ஒரிஜினல் நியோப்ரீன் இருக்குது, பூட்ஸ் ஃபுல் ரப்பர்” என்று பதில் போட்டார். குளிருக்குத் தடிமன் கூடுதலாக இருந்தால் கெட்டுப்போவதில்லை என்று சொல்லி, கடைக்கு வரச் சொன்னார். பெட்டியைப் பிரிக்க விடவில்லை. சீல் உடைந்தால் கம்பெனியில் திரும்ப எடுக்க மாட்டார்களாம். முதலில் கொடுத்தது எஸ்டிமேட் என்று கிறுக்கிய துண்டுச் சீட்டு. பில் கேட்டதற்கு முகம் சுளித்து, “ரப்பர் சூட் 1” என்று மட்டும் போட்டு ஒரு பில் கொடுத்தார். இடுப்புப் பெல்ட் எங்கே என்று கேட்டேன். “அதெல்லாம் எதுக்குங்க தம்பி, வார்தான் இருக்குதே” என்றார்.

பெல்ட் பற்றி இங்கேயே சொல்லிவிட வேண்டும். கால் வழுக்கி விழுந்தால், மார்பு வழியாகத் தண்ணீர் மடமடவென்று காலுக்கு இறங்காமல் தடுப்பது அந்தப் பெல்ட்தான். உள்ளே புகுந்த தண்ணீர் ஆளை அடியில் இழுத்துவிடும் என்று சொல்வது சரியில்லை, தண்ணீருக்குள் தண்ணீருக்கு எடை கிடையாது. ஆனால் கரையேறும்போது அத்தனை தண்ணீரையும் காலில் சுமந்துதான் ஏற வேண்டும். சேற்றுக் கரையில் அது நடக்காது. வேடர்ஸ் விற்கிறவர் பெல்ட் வேண்டாம் என்று சொன்னால், அவர் அதைப் போட்டதே இல்லை என்று வைத்துக்கொள்ளலாம்.

அதைப் போட்டுக்கொண்டு இறங்கிய முதல் வேலை, ஏற்காடு மலையில் நாகலூர்ப் பக்கம் ஒரு எஸ்டேட் குட்டையில் தொலைந்த கல்யாண மோதிரம். தொடை அளவுத் தண்ணீர், அடியில் இலை மக்கிய கறுப்புச் சேறு. இறங்கிய கொஞ்ச நேரத்திலேயே அந்தத் துணி முழங்காலைச் சுற்றி ஒட்டிப் பிடித்துக்கொண்டது. நியோப்ரீன் என்பது உள்ளே பொடிப் பொடியாக வாயு அடைபட்ட நுரை ரப்பர். தண்ணீர் அழுத்தினாலும் இந்த ஆழத்தில் அந்த வாயு போகாது, அதுதான் சூட்டைப் பிடித்துவைக்கிறது. பிவிசியில் அப்படி எதுவும் இல்லை. தண்ணீர் அழுத்த அழுத்தத் துணிக்கும் காலுக்கும் நடுவே இருக்கிற காற்று மேலே ஏறிப் போய்விடும். அப்புறம் குளிர் நேராகத் தோலுக்குத்தான். கவட்டித் தையலில் கசிவு வேறு.

அதைக்கூடப் பல்லைக் கடித்துக்கொண்டு தாங்கியிருக்கலாம். டிடெக்டர் கத்தியதைத்தான் தாங்க முடியவில்லை. தண்ணீரில் தேடும் முறை தெரிந்தவர்களுக்குப் புரியும். சத்தம் வந்த இடத்தைக் காயிலால் (டிடெக்டரின் அடியில் இருக்கும் வட்டத் தட்டு) குறுக்கும் நெடுக்கும் பார்த்து, அந்த இடத்துக்குப் பின்னால் கால் நுனியை வைத்து அடையாளம் பிடித்து, மண் அள்ளும் கரண்டியைக் கால் நுனிக்கு முன்னால் ஊன்றி மிதிப்போம். கலங்கிய தண்ணீரில் கால் நுனியைத் தவிர வேறு அடையாளம் கிடையாது. இங்கே காயில் பாதத்துக்கு ஒரு முழம் கிட்டே வந்தாலே அலறல். சேறா, மண்ணிலிருக்கும் இரும்புச் சத்தா என்று முதலில் கிரவுண்ட் பேலன்ஸை, அதாவது மண்ணுக்குக் கத்தாமல் இருக்க டிடெக்டரில் வைக்கும் அளவை, திருப்பித் திருப்பிச் சரிபண்ணினேன். சேலம் மண்ணில் அந்தச் சந்தேகம் நியாயமானதுதான், கஞ்சமலை முழுக்க மேக்னடைட் என்ற இரும்புத் தாது கிடக்கிற ஊர். கரைக்கு வந்து காலைத் தூக்கிக் காயிலுக்கு மேல் காட்டினேன். சேறும் இல்லை, மண்ணும் இல்லை. பூட்ஸ்தான்.

எஸ்டேட் மேஸ்திரி ஒரு பழைய ஸ்பீக்கர் காந்தம் கொண்டுவந்தார். விரல் பக்கம் வைத்ததும் டக்கென்று ஒட்டியது. பாதத்துக்கு அடியில் வைத்தால் அங்கேயும் ஒட்டியது. சேற்றைத் துடைத்துப் பார்த்தால் பூட்ஸ் பக்கவாட்டில் ‘எஸ்5’ என்று அச்சு. கட்டட வேலை, ரசாயனத் தொழிற்சாலை ஆட்களுக்கான பாதுகாப்பு பூட்ஸுக்கு ஐரோப்பியத் தரத்தில் கொடுக்கும் குறி அது. விரலுக்கு மேல் கவசம், அடியில் ஆணி ஏறாத தகடு இரண்டும் உண்டு என்று அர்த்தம். இரும்புக்குப் பதில் வேறு பொருளில் செய்த கவசங்களும் உண்டு, அதனால் குறியை மட்டும் நம்பாமல் காந்தம் வைத்துப் பார்ப்பதுதான் நிச்சயம். ஆணி கிடக்கும் இடத்தில் வேலை செய்கிறவருக்கு அது உயிர் காக்கும் பூட்ஸ். டிடெக்டர்காரனுக்கு அதைவிடக் கெட்டது வேறில்லை.

வீட்டுக்கு வந்து பெட்டியைப் பார்த்தேன். ‘5 மில்லி நியோப்ரீன்’ என்ற வெள்ளை ஸ்டிக்கரின் ஓரம் தூக்கிக்கொண்டு இருந்தது. நகத்தால் உரித்தால், அடியில் அட்டையிலேயே அச்சடித்த எழுத்து: பிவிசி, நைலான், 0.7 மில்லி. இறக்குமதி செய்தவர் பெயரும் முகவரியும் இருக்க வேண்டிய இடத்தில் ஒன்றுமே இல்லை. உள்பக்கப் பையின் மடிப்பில் ஓரமாக ஒரு துளி வெட்டிப் பார்த்தேன். பச்சைத் தோல், நடுவில் வலை மாதிரி வெள்ளை நூல், மறுபடியும் பச்சைத் தோல். நுரை என்று பெயருக்குக்கூட இல்லை. இதே சரக்கை மீன் பண்ணைச் சாமான் விற்கும் இடத்தில் இரண்டாயிரத்துச் சொச்சத்துக்குக் கொடுக்கிறார்கள், பிவிசி என்று சொல்லியே.

திரும்பக் கொண்டுபோனதும் கதை மாறியது. “தண்ணில எறங்கிட்டீங்கல்லங்க தம்பி, யூஸ் பண்ணுன பொருளை யாருங்க எடுப்பாங்க?” தண்ணீரில் இறங்காமல் வேடர்ஸை எங்கே போட்டுப் பார்ப்பதாம், கல்யாண மண்டபத்திலா? இரும்பைப் பற்றிக் கேட்டால், இரும்பு இருந்தால்தான் பாசியில் வழுக்காது என்றார். பாசிப் பாறையில் பிடிமானம் கொடுப்பது கம்பளி அடிப்பாகம், இல்லையென்றால் நல்ல மெத்தென்ற ரப்பர். காலுக்குள் புதைத்த தகடு எந்தப் பாறையைப் பிடிக்கும்? கடைசியில் பில்லின் அடியில் இருந்த வரியைக் காட்டினார்: விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது.

அந்த வரியைப் பார்த்துப் பயந்து திரும்பிவிடாதீர்கள். 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில், குறையுள்ள பொருளைத் திரும்ப எடுத்துக் காசைத் தர மறுப்பதே முறையற்ற வணிகம். பில்லில் போட்டிருக்கும் கெடுவுக்குள் எடுக்க வேண்டும், கெடு ஒன்றும் இல்லையென்றால் 30 நாள். பில் தர மறுப்பதும் அதே பட்டியலில்தான் வருகிறது. தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915க்குப் போன் செய்து புகாரைப் பதிந்தேன். அங்கிருந்து கேட்டதற்கு, வாடிக்கையாளர் கேட்டது ரப்பர் சூட், கொடுத்ததும் ரப்பர் சூட் என்று கடையில் பதில் சொல்லியிருக்கிறார்கள். பில்லில் ஏன் அப்படி எழுதினார் என்பது அப்போதுதான் விளங்கியது. வாட்ஸ்அப்பில் “ஒரிஜினல் நியோப்ரீன்” என்று அவரே போட்ட பதில் மட்டும் இல்லையென்றால் என் கையில் ஒன்றுமே இருந்திருக்காது. அடுத்ததாக மாவட்ட ஆணையத்தில் மனு. கொடுத்த விலை ஐந்து லட்சத்துக்குள் என்றால் கட்டணம் கிடையாது, வக்கீல் இல்லாமல் நாமே பேசலாம், வாங்கி இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். தேவைப்பட்டால் பொருளைச் சோதனைக்கூடத்துக்கு அனுப்பி அறிக்கை கேட்க ஆணையத்துக்கு அதிகாரம் உண்டு. அதனால் அந்தச் சனியனைச் சேறு காய்ந்தபடியே சாக்கில் கட்டிப் பரணில் போட்டிருக்கிறேன்.

இனி வாங்கப் போகிறவர்கள் பாக்கெட்டில் ஒரு காந்தமும் சின்ன டார்ச்சும் போட்டுக்கொண்டு போங்கள். பெட்டியைப் பிரிக்க விடாத கடையில் பேச்சே வேண்டாம், வெளியே வந்துவிடுங்கள். துணியை இரண்டு கையால் இழுத்தால் நியோப்ரீன் ஜவ்வாக நீண்டு திரும்பும், விரலால் அழுத்தினால் மெத்தென்று உள்வாங்கும். பிவிசி நீளாது, மடித்தால் வெள்ளைக் கோடு விழும், மழைக்கோட்டு வாடை அடிக்கும். டார்ச்சைக் காலுக்குள் விட்டுக் கடை விளக்கை அணைக்கச் சொல்லுங்கள். கவட்டியிலும் பூட்ஸ் சேரும் இடத்திலும் ஊசிமுனை வெளிச்சம் தெரிந்தால் அங்கே கசியும். அப்புறம் போட்டுக்கொண்டு கடைக்குள்ளேயே முட்டி போட்டு உட்காருங்கள். நம் வேலையே குனிவதும் மண்டியிடுவதும்தான். முட்டியில் இறுக்கினால் சீக்கிரமே தையல் விடும். பூட்ஸ் தடித்த சாக்ஸோடு தாராளமாக இருக்க வேண்டும், இறுக்கினால் ரத்த ஓட்டம் குறைந்து கால் இன்னும் சீக்கிரம் விறைக்கும். இடுப்பு வரைக்கும் வருவதை விலை குறைவு என்று வாங்காதீர்கள். கரண்டியை எடுக்கக் குனியும்போது அதன் விளிம்பு தண்ணீருக்குள் போய்விடும்.

வேர்வை ஆவியை மட்டும் வெளியே விடும் சவ்வு வைத்த மெல்லிய வகையும் இருக்கிறது. அதற்குச் சொந்தமாகச் சூடு கிடையாது, உள்ளே கம்பளிப் பேண்ட் போட வேண்டும். மலையேறி இறங்குகிறவர்களுக்கு அதுதான் சௌகரியம் என்பது என் அபிப்பிராயம். வேர்வை வெளியே போய்விடும், மதியம் வெயில் ஏறினால் உள்ளே ஒன்றைக் கழற்றிக்கொள்ளலாம். ஆனால் கரண்டி விளிம்பு பட்டால் கிழியும். இப்போதைக்கு நண்பரிடம் இரவல் வாங்கிய 3 மில்லி நியோப்ரீனில் ஓட்டுகிறேன். அடியில் சாக்ஸ் மாதிரி முடியும் வகை, மேலே இரும்பில்லாத தனி ஷூ. நாகலூர் மோதிரமும் அதைப் போட்டு இறங்கிய பிறகுதான் கிடைத்தது.

பச்சை நிறம், மார்பில் ஒரு பை, பூட்ஸ் பக்கவாட்டில் எஸ்5, பெட்டியில் வெள்ளை ஸ்டிக்கர். இந்த அடையாளத்தோடு யாராவது ஏற்கெனவே வாங்கியிருந்தால் பெட்டியை எடைக்குப் போட்டுவிடாதீர்கள். ஸ்டிக்கரை உரிக்கும் முன் ஒரு போட்டோ, உரித்த பின் ஒரு போட்டோ எடுத்து, கடைக்காரரோடு பேசிய மெசேஜ்களை அழிக்காமல் வையுங்கள். பில்லும் இருந்தால் எனக்குச் சொல்லுங்கள், அடுத்த வாய்தாவுக்கு நான் போகும்போது உங்கள் மனுவையும் எப்படிப் போடுவது என்று கூட வந்து காட்டுகிறேன்.