ஏஎம்டி கார்: ஐந்து வருடம் ஓட்டியும் தீராத அந்த நியூட்ரல் எரிச்சல்

ஏஎம்டி, அதாவது கிளட்சையும் கியரையும் தானே மாற்றிக்கொள்ளும் மேனுவல் கியர்பாக்ஸ் கார், வாங்கப்போகும் நண்பர் ஒருவர் கேட்டது ஒரே ஒரு கேள்வி: "இதுல பி எங்கங்க இருக்கு?"

பி என்றால் பார்க், காரைப் பூட்டி நிறுத்தும் நிலை. இதில் அது இல்லை. ரிவர்ஸ், நியூட்ரல், முன்னே ஓட்ட டி, கையால் மாற்றிக்கொள்ள எம். லீவரில் இருப்பது அவ்வளவுதான். மைலேஜ், டிக்கி, ஏசி பற்றியெல்லாம் ஊரே எழுதித் தீர்த்துவிட்டது. இந்த இல்லாத பி-யைப் பற்றி மட்டும் ஷோரூமில் யாரும் வாய் திறப்பதில்லை.

சிவிடி, டார்க் கன்வெர்ட்டர் போன்ற மற்ற ஆட்டோமேட்டிக் வகைகளில் பி போட்டால் கியர்பாக்ஸுக்குள் ஒரு இரும்புக் கொக்கி பல்சக்கரத்தில் விழுந்து பூட்டிக்கொள்ளும். ஏஎம்டி-யில் அந்தக் கொக்கி கிடையாது. உள்ளே இருப்பது சாதாரண மேனுவல் கியர்பாக்ஸ். கிளட்சை அமுக்குவதும் கியரைத் தள்ளுவதும் ஆக்சுவேட்டர் என்ற இயந்திரக் கையின் வேலை. 2014-ல் மாருதி செலேரியோ வந்ததிலிருந்து நம் தெருக்களில் பழகிப்போன ஏற்பாடுதான். ஆயில் பிரஷரில் இயங்கும் ஹைட்ராலிக் வகையில் டிரைவர் கதவைத் திறந்ததும் 'உய்ங்' என்று ஒரு சத்தம் கேட்கும். பம்ப் பிரஷர் ஏற்றுகிறது. பழுது இல்லை, பயப்பட வேண்டாம்.

ஸ்டார்ட் செய்வதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. பிரேக்கில் கால், சாவியை ஆன் வரைக்கும் திருப்பி, மீட்டரில் நியூட்ரல் எழுத்து நிலையாக வந்த பிறகு கிராங்க். எழுத்து மின்னிக்கொண்டே இருந்தால் சாவியை முறுக்கிப் பயனில்லை, எடுக்காது. எழுத்து சரியாக நின்றும் எடுக்கவில்லையா? பேட்டரியைத் திட்டுவதற்கு முன் பிரேக்கை மிதித்து, பின்னால் ஒருவரை நிறுத்திச் சிவப்பு விளக்கு எரிகிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். எரியாவிட்டால் பிரேக் சுவிட்ச் அல்லது அதன் ஃபியூஸ் போயிருக்கும். பிரேக் மிதித்த தகவல் போகாதவரை இந்தக் கார் ஸ்டார்ட் ஆகாது. சின்ன சாமான்தான், ஆனால் இதற்காக வண்டியை டோ செய்தவர்கள் உண்டு.

இங்கே ஒரு சுகத்தையும் சொல்லிவிட வேண்டும். பி உள்ள கார்களில் டி-க்குப் போக வேண்டுமென்றால் லீவர் ரிவர்ஸைத் தாண்டித்தான் போகும். ஒவ்வொரு முறையும் ரிவர்ஸ் விளக்கு மின்னி அணையும்; பின்னால் பைக்கில் நிற்பவர் பதறுவார். இங்கே நியூட்ரலிலிருந்து நேராக டி. சந்துக்குள் குடியிருப்பவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

எரிச்சல் ஆரம்பிப்பது ஆஃப் செய்யும்போது. நியூட்ரலில் போட்டு ஹேண்ட்பிரேக் இழுத்து இறங்கிவிட்டால், காரைப் பிடித்து வைத்திருப்பது ஒரே ஒரு கேபிள். அது தளர்ந்து லீவர் எட்டொன்பது 'கிளிக்' தாண்டி மேலே வருகிறது என்றால், அபார்ட்மென்ட் ராம்ப்பில் நிறுத்தவே நிறுத்தாதீர்கள். கியரில் விட்டு ஆஃப் செய்தால் கிளட்ச் தானாக மூடிக்கொண்டு, இன்ஜின் கம்ப்ரஷன் சக்கரத்தைப் பிடிக்கும். சரிவில் இதுதான் சரியான வழி. ஆனால் வரிசை முக்கியம்: பிரேக்கில் கால் இருக்கும்போதே நியூட்ரல், ஹேண்ட்பிரேக், பிரேக்கை மெல்ல விட்டு ஹேண்ட்பிரேக் தாங்குகிறதா என்று ஒரு பார்வை, மறுபடியும் பிரேக். அப்புறம் மேடு பார்த்து நின்றால் டி, பள்ளம் பார்த்து நின்றால் ரிவர்ஸ். மீட்டரில் 1 அல்லது ஆர் வந்ததைக் கண்ணால் பார்த்த பிறகுதான் சாவி.

பலர் ஏமாறும் இடமும் அந்த மீட்டர்தான். இங்கே லீவர் வெறும் சுவிட்ச். இன்ஜினை நியூட்ரலில் அணைத்துவிட்டு, பிறகு லீவரை டி-க்குத் தள்ளினால் உள்ளே ஒன்றும் நகராது. லீவர் டி-யில் நிற்கும். கியர்பாக்ஸ் நியூட்ரலிலேயே இருக்கும். அவசரத்தில் லீவரைத் தள்ளிய கையோடு சாவியைத் திருப்பினாலும் இதே கதிதான். மேனுவல் கார் ஓட்டிப் பழகிய கைக்கு இதை நம்பவே மனம் வராது.

சரி, கியரிலேயே விட்டுவிடலாமா? ஒரு வாரம் ஊருக்குப் போய் வருகிறீர்கள், பேட்டரி செத்துக் கிடக்கிறது. மேனுவலில் கிளட்சை மிதித்து நியூட்ரல் போட்டு, நாலு பேரை வைத்துத் தள்ளலாம். சிவிடி-யில் லீவர் பக்கத்தில் சின்ன மூடிக்குக் கீழே ஷிஃப்ட் லாக் பட்டன் இருக்கும். அதை அமுக்கி நியூட்ரலுக்கு வரலாம். ஏஎம்டி-யில் கரண்ட் இல்லாமல் ஆக்சுவேட்டர் அசையாது, கியர் விலகாது, கார் நகராது. தள்ளி ஸ்டார்ட் செய்வது என்ற பேச்சுக்கே இடமில்லை. பின்னால் வேறொருவர் கார் அடைபட்டுக் கிடந்தால் வாட்ஸ்அப் குழுவில் உங்கள் பெயர் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை.

வழி ஒன்று உண்டு. ஜம்பர் கேபிளில் இன்னொரு 12 வோல்ட் பேட்டரி: பாசிட்டிவுக்குப் பாசிட்டிவ், நெகட்டிவை இன்ஜினின் வெற்று உலோகத்தில். ஸ்டார்ட் ஆகாவிட்டாலும் பரவாயில்லை; சாவி ஆன், பிரேக் மிதி, லீவரை நியூட்ரலுக்குக் கொண்டுவா. மீட்டரில் எழுத்து மாறிவிட்டால் இனித் தள்ளலாம். அதுவும் முடியாவிட்டால் காரை முழுதாக மேலே ஏற்றிப் போகும் ஃபிளாட்பெட் லாரிதான். முன்சக்கரம் தரையில் உருள இழுத்துப் போக விடாதீர்கள்.

மழைக்காலத்தில் இன்னொரு தொல்லை. கழுவிய ஈரத்தோடு ஹேண்ட்பிரேக்கை இழுத்து ஒரு வாரம் விட்டால் பின்சக்கர பிரேக் ஷூ டிரம்மில் ஒட்டிக்கொள்ளும். ஹேண்ட்பிரேக் வேண்டாம் என்று கியரை நம்பினால் பேட்டரி பயம். இரண்டுக்கும் நடுவில் மிஞ்சுவது லாரிக்காரர்களின் பழைய முறைதான்: சமதளத்தில் நியூட்ரல், ஹேண்ட்பிரேக்கை விட்டு, ஒரு சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கட்டை. ஆட்டோமேட்டிக் என்று காசு கொடுத்து வாங்கிவிட்டு, கட்டை தேடி அலைய வேண்டியிருக்கிறது.

நியாயமாகவும் சொல்கிறேன். டவுன் டிராஃபிக்கில் இடது காலுக்கு ஓய்வு, மைலேஜ் மேனுவலுக்குச் சமம், கியர்பாக்ஸ் உட்பாகங்கள் எந்த மெக்கானிக்குக்கும் தெரிந்தவை. நீண்ட சிக்னலில் மட்டும் நியூட்ரலுக்கு வந்துவிடுங்கள். டி-யில் பிரேக் மிதித்து நிற்கும்போது கிளட்சைத் திறந்தே பிடித்திருக்க வேண்டும், கிளட்சைத் திறக்கும் ரிலீஸ் பேரிங் தேயும். மேட்டில் ஆக்சிலரேட்டரை லேசாக அமுக்கி வண்டியை நிறுத்தி வைக்கும் பழக்கம் இருந்தால் இந்தக் கார் பக்கமே வராதீர்கள், கிளட்ச் கருகும்.

இவ்வளவு நல்லதும் சொல்லிவிட்டு நண்பருக்கு அனுப்பிய பதில்: வீட்டில் ராம்ப் பார்க்கிங் என்றால் வேண்டாம், கூடக் கொடுத்து சிவிடி எடுங்கள். ஏற்கெனவே புக் பண்ணியாச்சு என்றால் பேட்டரிக்கு மூன்று வருடம் ஆனதும் வோல்டேஜைப் பாருங்கள், ராத்திரி நின்ற பிறகு காலையில் 12.4-க்குக் கீழே காட்டினால் சார்ஜ் ஏற்றிச் சோதிக்கச் சொல்லுங்கள். டிக்கியில் ஜம்பர் கேபிளும், மரக்கட்டை இரண்டும்.