ஒற்றைத் தலைவலியோடு ஊரில் மூன்று வாரம்

வெளிநாட்டிலிருந்து ஊருக்குப் போய், மூன்று வாரம் அம்மாவோடு இருந்துவிட்டு வரலாம் என்றுதான் கிளம்பினேன். அதில் ஐந்து நாள் இருட்டறையில் போய்விட்டது. பதினைந்து வருடமாக மைக்ரேன் இருக்கிறது எனக்கு.

விமானத்திலேயே கொட்டாவியும் கழுத்துப் பிடிப்பும் தொடங்கிவிட்டன. எனக்கு வலி வருவதற்கு முந்தைய அறிகுறிகள் இவைதான். தூக்கம் கெட்டு, தண்ணீரும் சரியாகக் குடிக்காமல், நேர மாற்றமும் சேர்ந்தால் தப்பவே முடியாது. வந்து சேர்ந்த மறுநாள் விடிகாலையில் கண் முன்னே வளைந்து வளைந்து மின்னும் கோடுகள். அரை மணி நேரத்தில் அவை மறைந்து வலி பிடித்துக்கொண்டது. வலி வந்தால் நான் வழக்கமாகப் போடும் மைக்ரேன் மாத்திரையான சுமாட்ரிப்டான் போட்ட பத்தாவது நிமிடம் வாந்தி.

தம்பி மெடிக்கலுக்கு ஓடினான். முதல் கடையில் எதுவும் கேட்காமல் எர்கோட்டமின் கலந்த மாத்திரையைக் கொடுத்தனுப்பிவிட்டார்கள். நல்லவேளை, அட்டையில் இருந்த பெயரைப் படித்தேன். இரண்டு மருந்துமே இரத்தக் குழாயைச் சுருக்குபவை. சுமாட்ரிப்டான் போட்ட அதே நாளில் இதைப் போடவே கூடாது. அடுத்த கடையில் இருந்த பெண், “அக்கா கடைசியா என்ன மாத்திரை போட்டாங்க, எத்தனை மணிக்கு?” என்று கேட்டிருக்கிறார். பதிலைக் கேட்டுவிட்டு, மருந்து தராமல் டாக்டரிடம் போகச் சொல்லியிருக்கிறார். அந்தப் பெண்ணுக்கு நான் நேரில் நன்றி சொல்லவில்லை என்ற வருத்தம் இன்னும் இருக்கிறது.

மருத்துவமனையில் ஒன்றரை மணி நேரம் காத்திருந்தோம். தலைக்கு மேல் ட்யூப் லைட், எதிரே சத்தமாக டிவி. துண்டால் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மைக்ரேன்காரருக்கு ஒரு தனி அறை, விளக்கை அணைக்க ஒரு சுவிட்ச், இவ்வளவு போதும். இதை எந்த ஊர் மருத்துவமனையிலும் யாரும் யோசிப்பதில்லை. கடைசியில் ஒரு நர்ஸ்தான் என்னைப் பார்த்துவிட்டு, ஊசி போடும் அறையில் விளக்கை அணைத்துப் படுக்க வைத்தார்.

டாக்டர் முதலில் கேட்டது, “மாசத்துல எத்தனை நாள் இந்த மாத்திரை போடறீங்க?” எண்ணிப் பார்த்தேன். பன்னிரண்டு, பதிமூன்று நாள். சுமாட்ரிப்டான் போன்ற டிரிப்டான் வகை மாத்திரையை மாதம் 10 நாளோ அதற்கு மேலோ தொடர்ந்து போட்டு வந்தால், மருந்தே தலைவலியைக் கொண்டுவரும் என்றார். நான் வாழும் நாட்டில் இத்தனை வருடமும் மருந்துச் சீட்டைப் புதுப்பித்துக் கொடுத்தார்களே தவிர, இந்தக் கேள்வியை ஒருவரும் கேட்டதில்லை. மைக்ரேன் வலி தாக்கும்போது இரைப்பையும் மந்தமாகிவிடுமாம், அதனால் விழுங்கியது மெதுவாகத்தான் உடலில் சேருமாம். வாந்திக்கான மருந்தையும் கூடவே போடச் சொன்னார், மூக்கில் அடிக்கும் ஸ்ப்ரே இருப்பதையும் சொன்னார். தடுப்பு மருந்தாக ப்ராப்ரனலால் எழுதப் போனவர், “வீசிங் உண்டா?” என்று கேட்டார். சின்ன வயதிலிருந்தே உண்டு. அதனால் அதை விட்டுவிட்டு, இரவில் குறைந்த அளவு அமிட்ரிப்டிலின் கொடுத்தார். அங்கே திரும்பியதும் காட்டுவதற்கு ஒரு கடிதமும் எழுதித் தந்தார்.

“தலைவலிதானே” என்று உறவினர்கள் சொன்னார்கள். அவர்கள் மேல் கோபமில்லை, ‘தலைவலி’ என்ற பெயரைக் கேட்டால் அப்படித்தான் தோன்றும். வெளிச்சமும் வாசனையும் பேச்சுச் சத்தமும் உடம்பை அடிப்பது அந்தப் பெயரில் இல்லையே. அம்மா மட்டும் ஜன்னலையெல்லாம் சாத்திவிட்டு, “போன தடவை வந்தப்பவும் இப்படித்தான் இருந்துச்சா?” என்று கேட்டார். ஆமாம், மறைத்திருந்தேன்.

திரும்பி வந்து மாத்திரையைக் குறைத்த முதல் இரண்டு வாரம் வலி இன்னும் மோசமாகத்தான் இருந்தது. அப்புறம் இறங்கியது. போன மாதம் நாட்குறிப்பில் மாத்திரை போட்ட நாள்கள் ஐந்து. அம்மா போனில் அந்தக் கணக்கைத்தான் முதலில் கேட்கிறார்.