பாஸ்போ பி38 ஆன்டிபாடி: மூணு வருஷ அனுபவம்

ஹீலா செல்ஸ்ல (லேப்ல வளக்குற மனுஷ கேன்சர் செல்ஸ்) ஸ்ட்ரெஸ் சிக்னலிங் பாக்க மூணு வருஷமா வெஸ்டர்ன் ப்ளாட்ல (புரதங்கள சைஸ் வாரியா பிரிச்சு ஆன்டிபாடி வச்சு பேண்டா பாக்குற முறை) இந்த பாஸ்போ பி38 ஆன்டிபாடிதான், புதுசா ஆரம்பிக்கிறவங்களுக்கு உதவட்டும்னு எழுதுறேன். பி38ங்கிறது ஸ்ட்ரெஸ் வந்தா ஆன் ஆகுற ஒரு கைனேஸ், அதாவது மத்த புரதங்கள்ல பாஸ்பேட் ஏத்துற என்சைம். அதுல 180வது த்ரியோனின், 182வது டைரோசின் ரெண்டுலயும் பாஸ்பேட் ஏறியிருந்தா இது பிடிக்கும், அதாவது கைனேஸ் ஆன் ஆயிருக்குன்னு அர்த்தம்.

முதல் ஆறு மாசம் எனக்கு ஒண்ணுமே பண்ணாத கன்ட்ரோல் லேன்லயும் பேண்ட் தடியா வந்துட்டே இருந்துச்சு, ஆன்டிபாடிதான் மோசம்னு நினைச்சு டைல்யூஷன் எல்லாம் மாத்திப் பாத்தேன். அப்புறம் லேப்ல சீனியர் அக்கா ஒருத்தங்க பக்கத்துல நின்னு பாத்துட்டு, "மருந்து போடுறதுக்கு முன்னாடி மீடியம் மாத்துறல்ல, அதுவே செல்லுக்கு ஸ்ட்ரெஸ்தான்மா"ன்னாங்க. இப்போ முந்தின நாள் சாயந்தரமே மீடியம் மாத்திடுவேன், ஒரு நேரத்துல ஒரு ப்ளேட்தான் வெளிய எடுப்பேன், மீடியத்த உறிஞ்சிட்டு உடனே செல்ல உடைக்கிற சூடான எஸ்டிஎஸ் பஃபர (டிடர்ஜென்ட் கரைசல்) ஊத்திடுவேன். கன்ட்ரோல் லேன் அவ்ளோ சுத்தமா வந்த அன்னைக்கு எனக்கு அழுகையே வந்துருச்சு.

ஆன்டிபாடி கண்ட இடத்துல ஒட்டாம இருக்க பால் பவுடர்ல ப்ளாக் பண்றத நான் விட்டுட்டேன், அதுல இருக்குற கேசீனே பாஸ்பேட் ஏறின புரதம், அதனால 5% பிஎஸ்ஏ (மாட்டு ரத்தத்துல இருக்குற அல்புமின் புரதம்). டோட்டல் பி38 (பாஸ்பேட் இருந்தாலும் இல்லன்னாலும் பி38ஐ பிடிக்கிற ஆன்டிபாடி) கூடவே ஓட்டணும், இல்லன்னா பேண்ட் ஏறினது பாஸ்பேட்டாலயா புரதமே கூடுனதாலயான்னு சொல்லவே முடியாது. பாசிடிவ் கன்ட்ரோலுக்கு, பி38ஐ ஆன் பண்ற மருந்தான அனிசோமைசின் அரை மணி நேரம் போதும். சிக்னல் பெரும்பாலும் 15-30 நிமிஷத்துல உச்சத்துக்குப் போய் அப்புறம் இறங்கிடும், 24 மணி நேரம் கழிச்சு மட்டும் பாத்துட்டு ஆக்டிவேட் ஆகலன்னு முடிவு கட்டாதீங்க, ப்ளீஸ்.

எனக்கு ரொம்ப நாள் போனது எஸ்பி203580ங்கிற பி38 இன்ஹிபிட்டர்லதான் (பி38ஓட வேலைய தடுக்குற மருந்து). இன்ஹிபிட்டர் போட்டும் பேண்ட் குறையலயேன்னு ரெண்டு மாசம் தவிச்சேன். அது பி38ல ஏடிபி (பாஸ்பேட் குடுக்குற மூலக்கூறு) உக்கார்ற இடத்துல போய் உக்காந்து வேலைய நிறுத்துது, ஆனா மேல இருந்து பி38ஐ ஆன் பண்ற எம்கேகே3, எம்கேகே6 கைனேஸ்கள் அதுல பாஸ்பேட் ஏத்துறத இந்த மருந்து தடுக்கணும்னு இல்ல. வேலை நின்னுச்சான்னு தெரியணும்னா கீழ, அதாவது சிக்னல்ல பி38க்கு அப்புறம் வர்ற எம்கே2 இல்லன்னா ஹெச்எஸ்பி27 புரதத்தோட பாஸ்போ ஆன்டிபாடிய வச்சுப் பாக்கணும், பாத்தப்போ அங்க பேண்ட் நல்லா குறைஞ்சிருந்துச்சு.

வெஸ்டர்ன் ப்ளாட்டுக்கு இத தாராளமா நம்பலாம். இம்யூனோஃப்ளூரசன்ஸுக்கு (ஒளிர்ற ஆன்டிபாடி வச்சு செல்ல மைக்ரோஸ்கோப்ல பாக்குறது) பி38 ஜீனையே எடுத்துட்ட நாக்அவுட் செல்ஸ பக்கத்துல வைக்காம நான் நம்ப மாட்டேன், படத்துல சைஸ் தெரியாது, வேற எதையாவது பிடிச்சாலும் அதே பச்சை வெளிச்சம்தான். ஆன்டிபாடியோட புது லாட் (தயாரிப்பு பேட்ச்) வந்தா மைனஸ் 80 டிகிரில எடுத்து வச்சிருக்குற பழைய அனிசோமைசின் லைசேட்ல (செல்ல உடைச்ச கரைசல்) ஒருதடவ ஓட்டிட்டுத்தான் நல்ல சாம்பிளத் தொடுவேன்.