பொன்னாடை போர்த்தினார்கள், சாவி எங்கே என்று சொல்லவில்லை: வியாபாரிகள் சங்கத்தில் ஏழு வருஷம்

பள்ளிக்கூடத்தில் கூடப் படித்த தோழி ஒருத்தி திருநெல்வேலி டவுனில் சந்திப் பிள்ளையார் முக்குப் பக்கம் இட்லி மாவுக் கடை போட்டிருக்கிறாள். போன வாரம் போன் பண்ணி, "ஏட்டி, சங்கத்துல சேரச் சொல்லி வந்து கேட்டுட்டுப் போயிருக்காங்க. நீ ஏழு வருஷமா இருக்கியே, சேரலாமா?" என்றாள். சந்தா எவ்வளவு, கூட்டம் என்றைக்கு, செயலாளர் யார் எல்லாம் அவளுக்கே தெரியும். சேர்ந்தவர்களை எப்படி நடத்துகிறார்கள் என்பதுதான் அவளுக்குத் தெரிய வேண்டும். போனில் முக்கால் மணி நேரம் பேசியும் முடியவில்லை. அதனால் எழுதிவிடுகிறேன்.

நான் சேர்ந்தது 2018 கார்த்திகையில். அப்பாவுக்கு முடியாமல் போய், ரத வீதியில் இருக்கிற எங்கள் நாட்டுமருந்துக் கடை என் கைக்கு வந்திருந்த நேரம். மாதக் கூட்டத்தில் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்கள். மேடையில் பொன்னாடை போர்த்தினார்கள், போட்டோ எடுத்தார்கள், கை தட்டினார்கள். உறுப்பினர் அட்டையும் ரசீதும் கொடுத்தார்கள். கேசரி, மிக்சர், காபி. மனசுக்கு நிறைவாகத்தான் இருந்தது, பொய் சொல்லக் கூடாது. அப்பா இல்லாமல் தனியாகக் கடையில் உட்கார்ந்திருந்தவளுக்கு ஐம்பது பேர் எழுந்து வணக்கம் சொன்னது பெரிய விஷயம்.

அவ்வளவுதான். அதற்கப்புறம் யாரும் எதுவும் சொல்லவில்லை.

நாலாவது நாள் காலையில் எதிர்வரிசைப் பாத்திரக்கடை அண்ணாச்சி வந்தார். அவருக்குச் சங்கத்தில் எந்தப் பொறுப்பும் கிடையாது. "கடையைப் பையன் பாத்துக்கிடட்டும், நீ எங்கூட வாம்மா" என்று கூப்பிட்டு, வாகையடி முக்கு வரைக்கும் ஒரு நடை கூட்டிக்கொண்டு போனார். சில்லறை வேண்டுமென்றால் யாரிடம் கேட்க வேண்டும், பார்சல் ஆபீசில் எந்த ஆள் மூட்டையை நனையாமல் இறக்குவார், எந்த மொத்தக் கடையில் கடன் வைத்தால் எத்தனை நாள் பொறுப்பார்கள் எல்லாம் சொன்னார். என் கடை முகப்பில் நீட்டிக்கொண்டிருந்த தகரத்தை அண்ணாந்து பார்த்து, "ஆனி பிறக்கதுக்கு முந்தி இதக் கழத்திரணும். தேர் வார தெரு" என்றார். திரும்பி வரும்போது குரலைத் தாழ்த்தி, "பொம்பளப் பிள்ள, நாள் பூரா கடையில இருக்கணும்லா? பின்னால காம்பவுண்டுல ரெண்டாவது வீட்டு மதினிகிட்ட பாத்ரூம் சாவி இருக்கும். நான் சொல்லிட்டேன். நீ கேக்கக்கூட வேண்டாம், எடுத்துக்கோ" என்றார்.

அந்த நாலு நாளும் நான் காலையிலிருந்து தண்ணீர் குடிக்காமல் உட்கார்ந்திருந்தேன். அது அவருக்கு எப்படித் தெரிந்ததோ. அந்த அரை மணி நேர நடைதான் எனக்குக் கிடைத்த வரவேற்பு என்று இன்றைக்கும் நினைக்கிறேன்.

அவரும் மறந்துபோன ஒன்று தராசு முத்திரை, அதாவது எடை சரிதான் என்று சோதித்து அரசு போடுகிற முத்திரை. எலக்ட்ரானிக் தராசு புதிதாக வாங்கும்போது முத்திரையோடுதான் வரும். அதுவே போதும் என்று இருந்துவிட்டேன். பன்னிரண்டு மாதத்துக்கு ஒருதரம் மறுமுத்திரை போட வேண்டும், சான்றிதழைக் கடையில் கண்ணுக்குத் தெரிகிற மாதிரி மாட்ட வேண்டும் என்பதெல்லாம் முத்திரை ஆய்வாளர் வந்து நின்றபோதுதான் தெரிந்தது. அவர் மேல் தப்பில்லை, அவர் வேலையைச் செய்தார். பத்து கிராம் திப்பிலி, இருபது கிராம் அதிமதுரம் என்று நிறுத்து விற்கிற கடையில் தராசு சரியாக இருக்க வேண்டியதுதான். அபராதம் கட்டினேன். அன்று சாயங்காலம் நிர்வாகி ஒருவரிடம் சொன்னபோது அவர் கேட்டார்: "இது தெரியாதாம்மா?"

ஏழு வருஷமாக என்னை அறுக்கிற வார்த்தை இதுதான். தெரிந்தவர் எல்லாரும் சங்கத்தில்தான் இருக்கிறார்கள். தெரியாதவர் வந்து உட்கார்ந்தால் பொன்னாடை போர்த்துகிறார்கள். அவர் நஷ்டப்பட்டுத் திரும்பி வந்தபின், தெரியாதா என்று கேட்கிறார்கள்.

சங்கம் செய்த நல்லதையும் சொல்ல வேண்டும். 2019 ஜனவரி 1 முதல் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்குக்குத் தடை வந்தபோது தெருவே திகைத்து நின்றது. எங்கள் சங்கம்தான் துணிப்பையும் காகிதக் கவரும் மொத்தமாக வாங்கி, அடக்க விலைக்கே கடை கடையாகக் கொடுத்தது. 2023 டிசம்பர் 17, 18 வெள்ளத்தை இந்த ஊரில் யாரும் மறக்க முடியாது. தாமிரபரணி கரை மீறி வந்து, சிந்துபூந்துறையில் நான் வாடகைக்கு எடுத்திருந்த கிடங்கில் இடுப்பளவு தண்ணீர். வடிந்த மறுநாள் சங்கத்து ஆட்கள் ஆறு பேர் லோடு ஆட்டோவோடு வந்தார்கள். சேறும் சகதியுமாக மூட்டையைத் தோளில் தூக்கினார்கள். சுக்கையும் கடுக்காயையும் ஒரு மண்டபத்தில் கொட்டி விசிறி போட்டுக் காயவைத்தோம். அதில் ஒருவருடைய சொந்தக் கடையிலேயே தண்ணீர் புகுந்திருந்தது. அவருக்கு நான் என்றைக்கும் கடமைப்பட்டவள்.

ஆனால் இன்சூரன்ஸ் கிடைக்கவில்லை. பாலிசியில் ரத வீதிக் கடை விலாசம் மட்டும் இருந்தது, கிடங்கு விலாசம் இல்லை. சரக்கு எந்தெந்த இடத்தில் இருக்கிறதோ அந்த இடத்தையெல்லாம் பாலிசியில் எழுத வேண்டும், வெள்ளத்துக்கும் சேர்த்துத்தான் பாலிசி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். மூட்டை தூக்கிய அதே நல்ல மனுஷர் கேட்டார், "இது தெரியாதாம்மா?"

இதையெல்லாம்கூட என் நஷ்டம் என்று விட்டுவிடலாம். விட முடியாதது ஒன்று இருக்கிறது. நாலு கடை தள்ளி வளையல் கடை வைத்திருந்தவர் எனக்கு ரொம்பப் பின்னால் சேர்ந்தவர். அதே மேடை, அதே பொன்னாடை. சேர்ந்து ஒன்றரை வருஷம்கூட ஆகவில்லை, 2024ல் மாரடைப்பில் போய்விட்டார். காரியம் முடிந்து அவர் மனைவி உறுப்பினர் அட்டையைக் கையில் பிடித்துக்கொண்டு என் கடைக்கு வந்தார். "அக்கா, இதை வச்சு ஏதோ பணம் வரும்னு சொல்லுதாங்களே, எங்க போய்க் கேக்கணும்?"

அவர் கேள்விப்பட்டது தமிழ்நாடு வணிகர் நல வாரியத்தின் குடும்பநல உதவி. வாரியம் 1989லிருந்து இருக்கிறது. உறுப்பினராக இருக்கிற வணிகர் இறந்தால் குடும்பத்துக்கு அப்போது 3 லட்சம் ரூபாய், 2025ல் 5 லட்சம் ஆக்கியிருக்கிறார்கள். ஆயுள் சந்தாவே 500 ரூபாய்தான். ஜிஎஸ்டி எண் இல்லாத சின்னக் கடைக்காரர்களும் சேரலாம். ஆனால் அந்த வாரியத்தில் தனியாகப் பதிந்திருக்க வேண்டும். சங்கத்து அட்டை வேறு, வாரியத்து அட்டை வேறு. அவர் இரண்டும் ஒன்று என்றே நினைத்திருக்கிறார். ஒருவரும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. சங்கத்தில் வசூல் பண்ணி ஒரு தொகை கொடுத்தார்கள், மனசாரத்தான் கொடுத்தார்கள். அந்த அட்டையின் பின்பக்கத்தில் இந்த ஒரு வரியை அச்சடித்திருந்தால் அந்த வீட்டுக்கு 3 லட்சம் வந்திருக்கும்.

அதற்கப்புறம் நானே உட்கார்ந்து ஒரு தாளில் எழுதினேன். தராசு முத்திரைக்கு எங்கே, எத்தனை மாதத்துக்கு ஒருதரம். பெயர்ப் பலகையில் தமிழ் முதலில் பெரிதாக வர வேண்டும், தமிழும் ஆங்கிலமும் பிற மொழியும் 5:3:2 கணக்கு. வேலை பார்க்கிறவர்களுக்கு உட்கார இருக்கை கட்டாயம், 2021ல் சட்டமே வந்துவிட்டது. திங்கிற பொருள் விற்றால் உணவுப் பாதுகாப்புப் பதிவு. வணிகர் நல வாரியம். இன்சூரன்ஸில் கிடங்கு விலாசம். மே 5 வணிகர் தினத்துக்குக் கடை அடைப்பு, அதனால் முந்தின நாளே சரக்கு வந்து இறங்க வேண்டும். ஆனித் தேருக்கு முன்னால் தகரம் கழற்ற வேண்டும். கடைசி வரியில் பாத்ரூம் சாவி. நூறு ஜெராக்ஸ் எடுத்து, பொன்னாடை போர்த்தும்போது இதையும் கையில் கொடுங்கள், புது ஆள் ஒவ்வொருவருக்கும் அந்தத் தெருவிலேயே பழைய ஆள் ஒருவரை ஆறு மாதத்துக்குப் பொறுப்பாகப் போடுங்கள் என்று நிர்வாகக் குழுவில் கேட்டேன். "அதெல்லாம் வாய்மொழியாச் சொல்லிக்கிடலாம்மா" என்றார்கள். அந்தக் கட்டு இன்னும் என் கடை அலமாரியில்தான் இருக்கிறது. பன்னிரண்டு தாளோ என்னவோ குறைந்திருக்கிறது, எல்லாம் நானே கொடுத்தது.

பாத்திரக்கடை அண்ணாச்சி இப்போது மகனோடு சென்னையில் இருக்கிறார். கடை பூட்டியிருக்கிறது. அந்த மாதிரி நடந்து கூட்டிப்போக எங்கள் தெருவில் ஆள் இல்லை.

போன ஞாயிற்றுக்கிழமை கூட்டத்தில் ஐந்து பேர் புதிதாகச் சேர்ந்தார்கள். பொன்னாடை, போட்டோ, கைதட்டல். அதில் ஒரு பெண், இருபத்தைந்து வயசிருக்கும், தையல் சாமான் கடை போட்டிருக்கிறாள். பொன்னாடையை அழகாக மடித்து மடியில் வைத்துக்கொண்டு கடைசி வரிசையில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். கேசரி சாப்பிட்டாள், காபியைத் தொடவில்லை. கொஞ்ச நேரம் கழித்து என் காதுப்பக்கம் குனிந்து, "அக்கா, உங்க தெருவுல எல்லாரும் பாத்ரூமுக்கு எங்க போவீங்க?" என்று கேட்டாள்.

எனக்கு அப்படியே ஆத்திரம் வந்துவிட்டது. எழுந்து நின்று பேசியிருக்க வேண்டும், பேசவில்லை. மறுநாள் காலையில் அவளை மதினி வீட்டுக்குக் கூட்டிப்போய்ச் சாவி ஆணியைக் காட்டிவிட்டு வந்தேன். போகிற வழியில் தாளையும் கொடுத்தேன்.

அதனால் தோழிக்கு என் பதில்: இப்போது சேராதே. மூட்டை தூக்க வந்த ஆறு பேரையும் நினைத்துப் பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன், சேராதே. முதலில் வாரியத்தில் பதிந்துகொள். உணவுப் பாதுகாப்புப் பதிவைக் கையில் வாங்கு. மாவைப் பாக்கெட் போட்டு விற்கிறாய், அதன்மேல் எடை, விலை, பாக்கெட் போட்ட தேதி, உன் கடைப் பெயர், விலாசம், புகாருக்கு ஒரு போன் எண் எல்லாம் இருக்க வேண்டும். சங்கம் அந்தத் தாளைக் கொடுக்க ஆரம்பிக்கிற மாதத்தில் நீ சேர், நானே உனக்குப் பொன்னாடை வாங்கி வருகிறேன்.

என் அடுத்த வருஷச் சந்தாவை நேற்றுக் கட்டிவிட்டேன். நாளைக் காலை பத்து மணிக்கு மாவுக் கடைக்கு வருகிறேன். தராசு வாங்கின பில்லை எடுத்து வை.