எங்கே நிறுத்துவது? வாழையும் கொட்டுக்காளியும், கூடவே இன்னும் இரண்டு படங்கள்

2024 ஆகஸ்ட் 23, வெள்ளிக்கிழமை. மாரி செல்வராஜின் வாழை, பி.எஸ். வினோத்ராஜின் கொட்டுக்காளி, இரண்டும் ஒரே நாளில் வந்தன. அந்த வாரமே இரண்டையும் தியேட்டரில் பார்த்துவிட்டேன். போன மாதம் அம்மாவோடு வீட்டில் உட்கார்ந்து மறுபடி பார்த்தேன். அந்தச் சூட்டோடு, அதே ஆண்டு செப்டம்பரில் வந்த லப்பர் பந்து, மெய்யழகன் இரண்டையும் பார்த்து முடித்தோம். நாலையும் வரிசையாகப் பார்த்ததில் எனக்கு ஒரு விஷயம் பிடிபட்டது. நல்ல காட்சியை எடுக்கத் தெரிந்தவர்கள் நம்மிடம் நிறையப் பேர் இருக்கிறார்கள். அதை எந்த இடத்தில் நிறுத்த வேண்டும் என்று தெரிந்தவர்கள்தான் குறைவு.

நாலு படங்களின் முடிவையும் பேசப்போகிறேன். பார்க்காதவர்கள் பார்த்துவிட்டு வந்து படியுங்கள்.

வாழையில் சிவனணைந்தான் என்று ஒரு பள்ளிக்கூடத்துப் பையன். படிப்பில் கெட்டி. ஆனால் விடுமுறை நாள் வந்தால் அம்மாவோடும் அக்காவோடும் வாழைத்தார் சுமக்கப் போயாக வேண்டும். வெள்ளிக்கிழமை மற்ற பிள்ளைகளுக்கு வரும் சந்தோஷம் இவனுக்கு வராது. வாங்கிய முன்பணத்துக்கு உடம்பால்தான் கழித்தாக வேண்டும் என்ற நிலை வீட்டில். இது மாரி செல்வராஜ் தன் சிறுவயது வாழ்க்கையை வைத்து எடுத்த படம். சுமந்தவருக்குத்தான் தாரின் எடை தெரியும் என்பது ஒவ்வொரு ஷாட்டிலும் இருக்கிறது. தேனி ஈஸ்வரின் கேமரா வாழைத்தோட்டத்தின் பச்சையை அழகாகக் காட்டிக்கொண்டே, அதற்குள் சேற்றில் கால் புதைய நடக்கிறவர்களையும் விடாமல் பிடித்திருக்கிறது.

என் அம்மா பிறந்த ஊர் தொட்டியம் பக்கம். காவிரிக்கரை, வாழைக்குப் பேர்போன இடம். தார் சுமக்கிறவர்களைச் சின்ன வயதிலிருந்தே பார்த்தவர். படம் ஓடிக்கொண்டிருக்கும்போதே, "அந்தக் கறை போகவே போகாதுப்பா, எத்தனை தடவை அடிச்சுத் துவைச்சாலும் துணியில நிக்கும்" என்றார். அப்புறம் அந்த இடம் வந்தது. கூலிக்காரர்கள் தாருக்கு ஒரு ரூபாய் கூட்டிக் கேட்டு வாங்கிவிடுகிறார்கள். அந்தச் செலவை ஈடுகட்ட வியாபாரி, ஆட்களுக்குத் தனி வண்டி வைக்காமல் தார் ஏற்றிய லாரியின் மேலேயே உட்கார்ந்து போகச் சொல்லிவிடுகிறார். சாய்ந்திருந்த அம்மா நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டார். "காய் லோடு மேல ஆளை ஏத்தவே கூடாது. வழுக்கும். பிடிச்சுக்க ஒண்ணும் இருக்காது." லாரி கவிழப்போவது அவருக்கு முன்கூட்டியே தெரிந்துவிட்டது.

வாழையில் எனக்கு ரொம்பப் பிடித்தது இந்தக் கணக்குதான். ஒரு ரூபாய் கூடியது, அந்த ஒரு ரூபாயை மிச்சம் பிடிக்க ஒருவர் எடுத்த முடிவு, அதனால் ஊரே இழவு வீடானது. இதை யாரும் வசனமாக விளக்கவில்லை. இடையில் நிகிலா விமல் நடித்த பூங்கொடி டீச்சர் மேல் பையனுக்கு இருக்கும் பிரியம், அவன் ரஜினி கட்சி, நண்பன் சேகர் கமல் கட்சி என்று நடக்கும் சண்டை, எல்லாம் வாய்விட்டுச் சிரிக்க வைப்பவை. பொன்வேலும் ராகுலும் கேமராவை மறந்து நடித்திருக்கிறார்கள். இவ்வளவு சிரிக்க வைத்ததால்தான் பின்னால் அவ்வளவு வலிக்கிறது.

என் குறை கடைசிப் பகுதியில். வேலைக்குப் போகாமல் நடனப் பயிற்சிக்குப் பள்ளிக்கூடம் போன பையன், பசி தாங்காமல் வீட்டுக்கு வருகிறான். தெரு முழுக்க அழுகை. அவனுக்கு முதலில் தெரிவது தன் பசிதான். சோற்றுப் பானையில் கை வைக்கிறான். இழவுக்கு நடுவே பிள்ளை சோறு தின்பதைப் பார்த்த தாய் அடிக்கிறாள். பிறகு, பிள்ளையை ஒரு வாய் தின்ன விடவில்லையே என்று அவளே கதறுகிறாள். தமிழில் பசியைப் பற்றி வந்த காட்சிகளில் இதற்கு இணையானது குறைவு. அந்தக் கையும் சோறும் போதும். ஆனால் படம் அங்கே நிற்பதில்லை. சந்தோஷ் நாராயணனின் இசையில் "பாதவத்தி" பாட்டு வந்து நம்மைப் பிடித்துக்கொள்கிறது. தனியாகக் கேட்டால் நெஞ்சை அறுக்கும் பாட்டு அது, இப்போதும் கேட்கிறேன். அந்த இடத்தில் மட்டும் அது தாயின் குரலை மூடிவிட்டது என்றுதான் தோன்றுகிறது. ஏற்கெனவே அழுதுகொண்டிருந்த என்னை இன்னும் அழு என்று பிடித்து உலுக்கியது போல இருந்தது.

அம்மா இதை ஒத்துக்கொள்ளவில்லை. "எழவு வீட்டுல பாட்டு இல்லாம எப்படி? எங்க ஊருல பாடித்தான் அழுவாங்க." அவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. ஒப்பாரி நம் கிராமத்துச் சாவின் ஒலி, அது இல்லாமல் அந்தக் காட்சியை எடுத்திருந்தால் அது வேறு ஊராகியிருக்கும். ஆனால் இழவு வீட்டு ஒப்பாரியில் ஒரு கிழவி பாடும்போது மூச்சு வாங்கும், அடி மறக்கும், பக்கத்தில் இருப்பவள் எடுத்துக்கொடுப்பாள். அந்தக் குரல் அங்கேயே, அந்தக் கூட்டத்துக்குள்ளேயே கேட்டிருந்தால் நானும் ஒன்றும் சொல்லியிருக்க மாட்டேன். ஸ்டுடியோவில் மெருகேறி வந்த பாட்டு வேறு.

கொட்டுக்காளி இதற்கு நேர் எதிர்ப்பக்கம். படம் முழுக்கப் பின்னணி இசையே கிடையாது. ஆட்டோவின் உறுமல், பைக் சத்தம், காற்று, சேவலின் கூவல், ஆட்களின் பேச்சு, அவ்வளவுதான். வேறு சாதிப் பையனைக் காதலித்த மீனாவுக்குப் பேய் பிடித்திருக்கிறது, மருந்து வைத்துவிட்டார்கள் என்று நம்பும் குடும்பம், அவளை ஆட்டோவில் ஏற்றி ஒரு சாமியாடியிடம் கூட்டிப்போகிறது. அவளைக் கட்டிக்கொள்ளப்போகும் முறைமாமன் பாண்டி பைக்கில் கூடவே வருகிறான். பலிக்கு ஒரு சேவல். கதை இவ்வளவே. மதுரைப் பக்கத்து ரோடுகளில் ஒரு பகல் பயணம்.

மீனாவாக வரும் அன்னா பென் கிட்டத்தட்டப் பேசுவதே இல்லை. சுற்றி இருப்பவர்கள் எல்லாரும் அவளைப் பற்றியே பேசுகிறார்கள், அவளிடம் யாரும் எதையும் கேட்பதில்லை. பாண்டியாக வரும் சூரியைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். தொண்டை கட்டி, கழுத்தில் சுண்ணாம்பு தடவிக்கொண்டு, கரகரத்த குரலில் வருகிறார். 2023-இல் வந்த விடுதலை அவரை நகைச்சுவை நடிகர் என்ற இடத்திலிருந்து நகர்த்தியது. இந்தப் படத்தில் அவர் நமக்குப் பிடித்துவிட வேண்டும் என்று ஒரு நொடிகூட முயலவில்லை. போகிற வழியில் ஒலிபெருக்கியில் கேட்கும் ஒரு பாட்டை மீனா முணுமுணுக்கிறாள். அதைப் பார்த்த பாண்டி வெறி பிடித்தவனாக அவளையும் குறுக்கே வந்த எல்லாரையும் அடிக்கிறான். அந்தக் காட்சிக்கு இசை போட்டிருந்தால் அதை சண்டைக்காட்சி மாதிரிப் பார்த்துத் தப்பித்திருப்போம். இங்கே அடி விழும் சத்தம் மட்டும். அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

இன்னொரு இடம். ரோட்டின் குறுக்கே ஒரு காளை நிற்கிறது. அத்தனை ஆண்களும் அதை நகர்த்த முடியாமல் தயங்குகிறார்கள். ஒரு சின்னப் பெண் வந்து அதைச் சாதாரணமாகக் கூட்டிக்கொண்டு போகிறாள். யாரும் எதுவும் சொல்வதில்லை, ஆட்டோ கிளம்புகிறது. வினோத்ராஜ் அந்தக் காட்சியை அங்கேயே விட்டுவிடுகிறார். வேறொருவர் எடுத்திருந்தால் அந்தப் பெண்ணைத் திரும்பிப் பார்த்துச் சிரிக்க வைத்திருப்பார்.

அப்புறம் அந்த முடிவு. சாமியாடியின் இடத்துக்கு வந்தாயிற்று. மீனாவுக்கு முன்னால் இன்னொரு பெண்ணுக்குச் சடங்கு நடக்கிறது. பேய் ஓட்டுகிறேன் என்ற பேரில் அந்தப் பெண்ணின் உடம்பில் அவர் கை போகும் விதத்தைப் பாண்டி பார்க்கிறான். அவன் முகத்தில் ஏதோ நடக்கிறது. மீனாவை உள்ளே அனுப்பினானா, திருப்பிக் கூட்டிப்போனானா என்று சொல்லாமலே படம் முடிந்துவிடுகிறது. தியேட்டரில் நான் பார்த்த காட்சியில் விளக்கு போட்ட பிறகும் சிலர் நம்பாமல் உட்கார்ந்திருந்தார்கள். இரண்டு பேர் கோபமாகவே பேசிக்கொண்டு போனார்கள். பெர்லின் மாதிரிப் படவிழாக்களுக்கான படத்தைத் தியேட்டருக்குக் கொண்டுவந்திருக்கக் கூடாது என்ற பேச்சும் அப்போது அடிபட்டது. நான் அதை ஏற்கவில்லை. அந்த ரோட்டில் அந்த ஆட்டோவில் போகிறவர்கள் நம் ஊர்க்காரர்கள், படம் முதலில் நமக்குத்தான்.

அம்மாவும் முதலில், "என்னப்பா, அவ்வளவுதானா?" என்றார். நாலு நாள் கழித்து, கீரை ஆய்ந்துகொண்டிருந்தவர் திடீரென்று, "அவன் அந்தப் புள்ளைய உள்ள அனுப்பியிருக்க மாட்டான்ல?" என்று கேட்டார். வாழையைப் பற்றி அவர் பேசியதெல்லாம் அன்றைக்கு ராத்திரியே முடிந்துவிட்டது. கொட்டுக்காளியைப் பற்றி இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறார். எனக்கு அந்தப் படமே ஒரு படி மேல் என்பதற்கு இதைவிட வேறு காரணம் சொல்லத் தெரியவில்லை.

அதற்காகக் கொட்டுக்காளியில் குறையே இல்லை என்று சொல்ல மாட்டேன். பாண்டியின் கூட வரும் ஆண்கள் எப்படிப்பட்டவர்கள் என்று முதல் அரை மணியிலேயே புரிந்துவிடுகிறது. அதற்குப் பிறகும் அதையே வேறு வேறு நிறுத்தங்களில் பார்க்கிறோம். மீனாவின் மௌனம் பெரிய ஆயுதம்தான், ஆனால் அவள் மனதுக்குள் போக இன்னும் ஒரே ஒரு ஜன்னலாவது திறந்திருக்கலாம். வாழையில் சிவனணைந்தானை எனக்குத் தெரியும். அவன் எதற்குச் சிரிப்பான், எதற்குப் பயப்படுவான் என்றுகூடச் சொல்லிவிடுவேன். மீனாவை அப்படித் தெரியாது. ஒரு மனிதரை முழுசாக நம் வீட்டுப் பிள்ளையாக்குவதில் மாரி செல்வராஜை இந்தப் படத்தில் வினோத்ராஜ் தொடவில்லை.

செப்டம்பர் படங்களுக்கு வருகிறேன். மெய்யழகன் எனக்கு ரொம்ப நெருக்கமான படம், அதனால்தான் அதன்மேல் வருத்தமும் அதிகம். சொத்துத் தகராறில் 1996-இல் தஞ்சாவூர் வீட்டைவிட்டுக் கிளம்பும் குடும்பம். பல வருஷம் கழித்து, தங்கை கல்யாணத்துக்காக நீடாமங்கலம் வரும் அருள்மொழியாக அரவிந்த் சாமி. அவரை "அத்தான், அத்தான்" என்று ஒட்டிக்கொள்ளும் ஒரு சொந்தக்காரராகக் கார்த்தி. அந்தச் சொந்தக்காரரின் பெயர் அருள்மொழிக்கு ஞாபகமே வரவில்லை. அரவிந்த் சாமி மணமேடையில் தங்கைக்குக் கொண்டுவந்த நகைகளை ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்து, கொலுசைத் தானே மாட்டிவிடும் காட்சியில் இயக்குநர் பிரேம்குமாரும் இசையமைப்பாளர் கோவிந்த் வசந்தாவும் சேர்ந்து செய்திருப்பதைப் பார்த்தால், இசை போட்டும் அளவோடு நிற்க முடியும் என்று தெரியும். வாழையின் முடிவைப் பற்றி நான் சொன்னதற்கு இதுதான் என் சாட்சி. இசையே வேண்டாம் என்பது என் வாதம் இல்லை.

ஆனால் ராத்திரி கார்த்தியும் அரவிந்த் சாமியும் உட்கார்ந்து பேசும் பகுதியில், ஜல்லிக்கட்டு, சோழர், ஸ்டெர்லைட் துப்பாக்கிச்சூடு என்று பேச்சு போய்க்கொண்டே இருக்கிறது. கார்த்தி சொல்கிற எதிலும் எனக்கு மறுப்பு இல்லை. ஆனால் பேசுவது அந்த மனிதரா, இயக்குநரா என்ற சந்தேகம் வந்துவிட்டது. படம் வந்த சில நாளிலேயே 18 நிமிடம் போல வெட்டினார்கள். படம் இறுகியது உண்மை. அந்த வெட்டு எடிட்டிங் மேசையில், பதற்றம் இல்லாத நேரத்தில் நடந்திருக்க வேண்டியது. அந்தச் சொந்தக்காரரின் பெயர் தெரியவில்லையே என்ற குற்ற உணர்ச்சியில் அருள்மொழி விடியுமுன் சொல்லாமல் கிளம்பும் இடத்தை எடுக்கத் தெரிந்தவருக்கு, அந்தப் பேச்சைக் குறைக்கத் தெரியாமலா இருந்திருக்கும்?

லப்பர் பந்து நாலில் சின்ன ஆசை கொண்ட படம், அந்த ஆசையை முழுசாக நிறைவேற்றியதும் அதுதான். கெத்து பூமாலையாக தினேஷ், அவர் மகளைக் காதலிக்கும் அன்புவாக ஹரிஷ் கல்யாண். மைதானத்தில் இருவருக்கும் ஆகாது. இயக்குநர் தமிழரசன் பச்சமுத்து சாதியைக் கிரிக்கெட் டீமுக்குள் கொண்டுவருகிறார். திறமை இருந்தும் அன்புவை ஜாலி ஃப்ரண்ட்ஸ் டீமில் சேர்ப்பதில்லை. அது ஏன் என்று எல்லாருக்கும் தெரியும், யாரும் உரக்கச் சொல்வதில்லை. ஒரு பார்வை, ஒரு இழுத்தடிப்பு, அவ்வளவில் நிறுத்தி அடுத்த பந்துக்குப் போய்விடுகிறார். தினேஷ் களம் இறங்கும்போதெல்லாம் ஒலிக்கும் "நீ பொட்டு வச்ச தங்கக் குடம்" என்ற விஜயகாந்த் படப் பாட்டுக்கு, படம் வந்த சமயத்தில் தியேட்டரே எழுந்து கத்தியது. அப்போது அவர் மறைந்து ஒரு வருஷம்கூட ஆகியிருக்கவில்லை. மைதானத்தில் சிங்கமாக இருக்கும் பூமாலை, சுவாசிகா நடித்த மனைவிக்கு முன்னால் சின்னப் பையனாகிவிடுவதை இன்னும் நாலு காட்சி பார்க்கலாம் போல இருந்தது. குறை என்று தேடினால் கடைசி மேட்ச் கொஞ்சம் நீளம்.

என்னிடம் யாராவது ஒரே ஒரு படம் கேட்டால், வீட்டில் எல்லாரும் சேர்ந்து பார்ப்பதாக இருந்தால் லப்பர் பந்தைத்தான் சொல்வேன். தனியாகப் பார்ப்பதாக இருந்தால் கொட்டுக்காளி. அதை மட்டும் செல்போன் ஸ்பீக்கரில் பார்க்காதீர்கள். நல்ல ஹெட்போன் போட்டுக்கொள்ளுங்கள், ஃபேனை நிறுத்திவிடுங்கள். ஆட்டோவுக்குள் மீனா சும்மா உட்கார்ந்திருக்கும்போது வெளியே எது எது கேட்கிறது என்று கவனித்தால், அவள் எதைக் கேட்டுக்கொண்டு அமைதியாக இருக்கிறாள் என்பது தெரியவரும்.