செடித்தொட்டி ரெகுலேட்டரும் பொய் சொல்லாமலே ஏமாற்றும் முள்ளும்

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். மீன்தொட்டிச் செடிகளுக்கு சிலிண்டரிலிருந்து சிஓ2 (கார்பன் டை ஆக்சைடு) காஸை அளந்து விடும் இந்த ரெகுலேட்டரில், காஸைக் கூட்டிக் குறைக்கும் திருகான நீடில் வால்வு அருமை. நொடிக்கு இரண்டு குமிழி என்று வைத்தால் அடுத்த வாரமும் அதே இரண்டுதான். காஸை மின்சாரத்தால் திறந்து மூடும் சொலினாய்டு, தொட்டி விளக்கோடு சேர்ந்து சத்தமில்லாமல் அணைகிறது. சேலம் தண்ணீரில் ரொட்டாலாச் செடி சிவக்காது என்றவர்கள் வீட்டுக்கு வந்து பார்க்கட்டும்.

எரிச்சல் எல்லாம் சிலிண்டர் பக்கத்துக் காஜ் மேல்தான், அதாவது உள்ளே இருக்கும் அழுத்தத்தை ‘பார்’ (bar) அலகில் காட்டும் முள் மேல். பைக்கின் பெட்ரோல் முள் மாதிரி நினைத்துக்கொண்டுதான் எல்லோரும் அதைப் பார்க்கிறோம். அது காட்டுவதோ அன்றைய வெயிலை!

ஏற்காட்டு நண்பன் போன் செய்தான். "மாப்ளே, சேலத்துல நிரப்புறப்ப 64 பார் காட்டுச்சு. இருபது கொண்டை ஊசி ஏறி இங்க கொண்டாந்து வெச்சா, காலையில 46. லீக் ஆவுதாடா?"

லீக் எல்லாம் இல்லை. உள்ளே இருப்பது திரவமும் அதன் மேல் ஆவியும். திரவம் ஒரு சொட்டு மிச்சமிருக்கும் வரை அழுத்தத்தை முடிவு செய்வது வெப்பநிலை மட்டுமே. 12 டிகிரியில் சுமார் 46 பார், 20-ல் 56, 30-ல் 71. முழு சிலிண்டருக்கும் அதுதான், அரை சிலிண்டருக்கும் அதுதான்.

"கடைசி வரை முள் அசையாது, திடீரென்று விழும்" என்று ஒரு பேச்சு உண்டு. அது குளிர் ஊர்க்காரர்கள் கதை. 10 டிகிரியில் ஐந்தில் ஒரு பங்கு காஸ் மிஞ்சும்வரை திரவம் இருக்கும். 30 டிகிரியில் பாதி காஸ் இருக்கும்போதே திரவம் தீர்ந்துபோகும், முள் மெல்ல இறங்க ஆரம்பிக்கும். 31 டிகிரி தாண்டினால் திரவம், ஆவி என்ற பிரிவே கிடையாது. நம்ம ஊர் மே மாதத்தில் 40 டிகிரியில் நிரம்பிய சிலிண்டர் 100 பாரைத் தாண்டும். அதனால் மொட்டை மாடியிலோ ஜன்னல் வெயிலிலோ வைக்காதீர்கள்.

இதைத் தெரிந்தே ஆட்டம் காட்டுகிற கடைகளும் இருக்கின்றன. ஒரு ரீஃபில் கடையில் காஜை மாட்டி, "பாருங்க சார், ஃபுல்லு" என்றார் பையன். பக்கத்து மளிகைக் கடைத் தராசில் ஏற்றினேன். காலி எடை போக, 2 கிலோ காஸ் இருக்க வேண்டிய இடத்தில் 1 கிலோ 400. அவர் காட்டிய முள்ளும் பொய் இல்லை, அதுதான் கொடுமை. காலி எடை சிலிண்டரின் தோளில் பொறித்திருக்கும். ரெகுலேட்டரைக் கழற்றிவிட்டு எடை போட்டு, அதைக் கழித்துப் பாருங்கள். கணக்கு அவ்வளவுதான். சிஓ2 தீயணைப்பானில் காஜே வைப்பதில்லை, கவனித்திருக்கிறீர்களா? அதையும் எடை போட்டுத்தான் சோதிக்கிறார்கள்.

தொட்டிப் பக்கத்துச் சின்னக் காஜ் மட்டும் உருப்படி. சிலிண்டர் தீரும் சமயத்தில், அழுத்தத்தை ஒரே படியில் குறைக்கும் ஒற்றை நிலை ரெகுலேட்டரில் அந்த முள் மேலே ஏறும், குமிழி கூடும், மீன்கள் மேலே வந்து வாயைப் பிளக்கும். கண் வைக்க வேண்டியது அதில்தான்.

இப்போது இதே மாடல் விலை இறங்கியிருக்கிறதாம், வாங்கட்டுமா என்கிறான் நண்பன். வால்வுக்குப் பத்துக்குப் பத்து கொடுப்பேன், சொலினாய்டுக்கும் அப்படியே. ஆனாலும் வேண்டாம் என்றுதான் சொல்லியிருக்கிறேன். வாங்கினால் தினமும் காலையில் பார் எண்ணை வாட்ஸப்பில் அனுப்புவான்.