மார்த்தாண்டத்துல வாங்கின மீன் எண்ணெய் கேப்ஸ்யூல் - 5க்கு 2 ஸ்டார்

வாங்குறதுக்கு முன்னாடி பாட்டில திருப்பி பின்பக்கத்த வாசிங்க. முன்னால பெரிய எழுத்துல 1000 மில்லிகிராம்னு இருக்கும், அது மீன் எண்ணெயோட எடை மட்டும்தான், உள்ள இருக்குற ஒமேகா 3, அதாவது மீன்ல இருக்குற நல்ல கொழுப்பு, ரெண்டு வகை: ஈபிஏ 180, டிஹெச்ஏ 120, ரெண்டும் சேத்து வெறும் 300 மில்லிகிராம். அப்பாக்கு ட்ரைகிளிசரைடு, அதான் ரத்தத்துல இருக்குற ஒரு வகை கொழுப்பு, ரொம்ப கூடுதல்னு ரிப்போர்ட் வந்ததால வாங்கினோம், ஆனா அத கொறைக்கணும்னா டாக்டருமாரு எழுதுறதே ஒரு நாளைக்கு ஒமேகா 3 மட்டும் 2லருந்து 4 கிராம் டோஸ், 4 கிராம் வேணும்னா இதுல பத்துக்கு மேல முழுங்கணும், நடக்குற காரியமா?

பாட்டில்ல "இதயத்துக்கு நல்லது"ன்னு போட்டிருக்கான் பாருங்க, அதுதான் எனக்கு ஆத்திரம். அமெரிக்காவுல வைட்டல்னு ஒரு ஆய்வு, 25,871 பேரு, தெனம் 1 கிராம் மீன் எண்ணெய் கேப்ஸ்யூல் குடுத்து அஞ்சு வருஷத்துக்கு மேல பாத்தாங்க, 2018ல ரிசல்ட் வந்துச்சு, ஹார்ட் அட்டாக், ஸ்ட்ரோக், இதய நோய் சாவு எல்லாத்தையும் சேத்து பாத்தா பெருசா கொறையல. அதே வருஷம் சுகர்காரங்க 15,480 பேர வச்சு பண்ண அசெண்ட் ஆய்வுலயும் அப்டித்தான். ரெட்யூஸ்-இட்னு இன்னொரு ஆய்வுல இந்த மாதிரி பாதிப்பு 25 சதவீதம் கொறஞ்சுது, ஆனா அது சுத்தமான ஈபிஏ மருந்து, தெனம் 4 கிராம், ஏற்கனவே ஸ்டாட்டின்ங்குற கொலஸ்ட்ரால் மாத்திரை சாப்புடுற, ட்ரைகிளிசரைடு கூடின ஆளுங்களுக்கு. அதுலயும் ஒப்பிட்டு பாக்க மத்த பாதி பேருக்கு மருந்துக்கு பதிலா குடுத்த மினரல் ஆயில்தான் வித்தியாசத்த பெருசாக்கி காட்டிடுச்சோன்னு சண்டை இன்னும் ஓயல. டோஸ் ஏற ஏற ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன், அதான் இதயத் துடிப்பு தாறுமாறாகுற கோளாறு, வர வாய்ப்பும் கூடுது. இத சாப்புடுறோம்லன்னு கொலஸ்ட்ரால் மாத்திரைய மட்டும் யாரும் நிறுத்திராதீங்க, திருவனந்தபுரத்துல அப்பாவ பாக்குற டாக்டரும் இதத்தான் அழுத்தி சொன்னாரு.

கேப்ஸ்யூல் பெருசு, வயசானவங்களுக்கு முழுங்க கஷ்டம், ஏப்பத்துல மீன் வாடை வரும், சாப்பாட்டோட போட்டா கொஞ்சம் தேவல. ரெண்டு ஸ்டாரும் மெடிக்கல்ல இருந்த அக்காக்குத்தான். ரத்தம் உறையாம இருக்க மாத்திரை ஏதும் எடுக்குறாரான்னு கேட்டுட்டுதான் எடுத்தே குடுத்தாங்க, அந்த மாத்திரை எடுக்குறவங்க டாக்டர்ட்ட கேக்காம இத தொடக்கூடாது.

எனக்கு புரியாதது, குளச்சல், தேங்காய்ப்பட்டணம் கரையில சாளை, அதான் மத்தி மீன், வந்து எறங்குற ஊர்ல நமக்கு எதுக்கு இது? கொழுப்பு ஏறின சாளை நூறு கிராம் எடுத்தா ஒமேகா 3 ஒரு கிராம ஒட்டி வரும், வாரம் ரெண்டு தடவ மீன் சாப்புடுங்கன்னுதான் அமெரிக்கன் ஹார்ட் அசோசியேஷனும் சொல்லுது. எண்ணெயில முறுக்க பொரிக்காம மாங்கா போட்டு கறி வச்சு மரச்சீனியோட (மரவள்ளிக்கிழங்கு) சாப்புட்டா அப்பாவும் மொகம் சுளிக்காம சாப்புடுறாரு. மீனே தொடாதவங்க ஆளி விதைய நம்பாதீங்க, அதுல இருக்குற ஏஎல்ஏங்குற வேற வகை ஒமேகா 3 நம்ம ஒடம்புல ஈபிஏவா மாறுறது ரொம்ப கொஞ்சம், பாசியில எடுக்குற எண்ணெய் கேப்ஸ்யூல் தேவல.

வாங்கியே ஆகணும்னா ஈபிஏ, டிஹெச்ஏ கணக்கு தனியா போட்டிருக்குறதா பாத்து வாங்குங்க, வெயில்ல வைக்காதீங்க, ஒண்ண வெட்டி மோந்து பாத்து காறல் வாடை அடிச்சா பில்லோட அப்டியே திருப்பி குடுத்துருங்க.